விளம்பர மீமுக்குத் தனிக்கட்டுரை தேவையா? புதிய விக்கிப்பீடியருக்கு ஒரு வழிகாட்டி

ஒரு விளம்பரக் காணொளி வருகிறது. ஒரே வாரத்தில் எல்லார் கைப்பேசியிலும் அதுதான். அதிலுள்ள ஒரு வசனத்தை வெட்டி ஒட்டி நூற்றுக்கணக்கில் மீம்கள் கிளம்புகின்றன. நீங்கள் விக்கிப்பீடியாவில் புதிதாகக் கணக்குத் தொடங்கியவர். தேடிப் பார்க்கிறீர்கள், அதைப் பற்றிக் கட்டுரை இல்லை. சரி, நாமே எழுதிவிடலாம் என்று ராத்திரி கண்விழித்து எழுதுகிறீர்கள். மறுநாள் பார்த்தால் கட்டுரையின் தலையில் நீக்கல் வார்ப்புரு, அதாவது இதை நீக்கலாம் என்று முன்மொழியும் அறிவிப்புப் பெட்டி. புதியவர்கள் பலர் மனம் நொந்து, திரும்பி வராமலே போய்விடுவது இந்த இடத்தில்தான். அவர்கள் போவது எனக்கு வருத்தம், ஏனென்றால் இரவு விழித்து எழுதும் ஆர்வம் எளிதில் கிடைப்பதில்லை. எழுதத் தொடங்கும் முன் சில வேலைகளைச் செய்துகொண்டால் அந்த இரவு வீணாகாது.

கீழே சொல்வதெல்லாம் ஒரே கேள்வியைச் சுற்றித்தான். நிறுவனமும் அதன் விளம்பர முகமையும் உருவாக்கியதை எல்லாம் கழித்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? அந்த மிச்சத்தை வைத்து ஒரு கட்டுரை எழுத முடியும் என்றால் தாராளமாக எழுதுங்கள்.

எதைப் பற்றி எழுதப் போகிறீர்கள்?

இதை ஒரே வாக்கியத்தில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்தக் காணொளியைப் பற்றியா? முழு விளம்பர இயக்கத்தைப் பற்றியா? அதில் வரும் கதாபாத்திரமா? மக்கள் அதிலிருந்து உருவாக்கிய மீமா? நான்கும் நான்கு தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் சான்று வேறு.

மீம் என்ற சொல்லை ரிச்சர்ட் டாக்கின்ஸ் 1976-இல் உருவாக்கியபோது இணையமே பொதுமக்களிடம் வந்திருக்கவில்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்வதால் பண்பாட்டில் தொற்றிப் பரவும் எதற்கும் அவர் வைத்த பெயர் அது. வைரல் விளம்பரம் அதற்கு வெகுகாலம் பிந்தியது. 1996-இல் வந்த ஹாட்மெயில், தன் பயனர்கள் அனுப்பிய ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் இலவச மின்னஞ்சலுக்கான அழைப்பை ஒரு வரியாகச் சேர்த்தது. வாடிக்கையாளரே விளம்பரத்தைச் சுமந்து போனார். இன்று இந்த இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. பட்வைசர் பியர் 1999 இறுதியில் ஒளிபரப்பிய விளம்பரத்தில் நண்பர்கள் தொலைபேசியில் நாக்கை நீட்டி "வாஸ்ஸப்" என்று கத்துவார்கள். உலகின் பல மூலைகளில் அதை அப்படியே கத்தினார்கள், பகடி செய்தார்கள். அங்கே விளம்பரம் நிறுவனத்துடையது, கத்தல் மக்களுடையது. கட்டுரை எதைப் பற்றியது என்று தெளிவில்லாவிட்டால் நிறுவனத்தின் உழைப்பை மக்களின் உழைப்பாகக் காட்டும் தவறு நேர்ந்துவிடும். பல விளம்பர முகமைகள் விரும்புவதும் அதைத்தான்: திட்டமிட்டு விதைத்ததைத் தானாக முளைத்ததாகக் காட்டுவது.

உங்களுக்கும் அந்த நிறுவனத்துக்கும் தொடர்பு உண்டா?

இருந்தால் முதல் வேலை அதைச் சொல்வது. நீங்கள் அந்த முகமையில் வேலை பார்க்கலாம், தனியாக எழுதிக் கொடுக்கக் காசு வாங்கியிருக்கலாம், பயிற்சிக்காலத்தில் ஒப்படைத்த வேலையாக இருக்கலாம். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் பயன்பாட்டு விதிகளில் 2014 ஜூனில் ஒரு பகுதி சேர்க்கப்பட்டது. பணத்துக்காகத் தொகுப்பவர் யாருக்காக, யாரிடம் பணம் பெற்று எழுதுகிறார் என்பதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். உங்கள் பயனர் பக்கத்தில் இரண்டு வரி போதும். அப்புறம் கட்டுரையை நேரடியாக வெளியிடாமல் வரைவாக வைத்து, தொடர்பில்லாத ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த விதிக்குப் பின்னால் கசப்பான வரலாறு இருக்கிறது. 2013-இல், பணம் வாங்கிக் கட்டுரை எழுதித் தந்த விக்கி-பிஆர் என்ற நிறுவனத்தோடு தொடர்புடையவை என்று கருதப்பட்ட 250-க்கும் மேற்பட்ட கணக்குகள் ஆங்கில விக்கிப்பீடியாவில் முடக்கப்பட்டன. 2015-இல் "ஆரஞ்ச்மூடி" என்று பெயரிடப்பட்ட விசாரணையில் 381 கைப்பாவைக் கணக்குகள் (வேறு வேறு ஆள்போலக் காட்ட ஒரே தரப்பு நடத்தும் கணக்குகள்) பிடிபட்டன, 200-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் நீக்கப்பட்டன. அதில் புதியவர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. வரைவு நிராகரிக்கப்பட்டவர்களைத் தேடிப் பிடித்து, "பணம் கொடுத்தால் உங்கள் கட்டுரையை வெளியிட்டுத் தருகிறோம், பாதுகாத்தும் தருகிறோம்" என்று அந்தக் கும்பல் கேட்டிருக்கிறது. உங்களுக்கும் அப்படி ஒரு மின்னஞ்சல் வரலாம். ஒரு பைசாகூடக் கொடுக்காதீர்கள். விக்கிப்பீடியாவில் கட்டுரை வெளியிடக் கட்டணம் என்று எதுவும் கிடையாது.

எண்ணிக்கைகளைத் தள்ளி வையுங்கள்

"இத்தனை கோடிப் பேர் பார்த்திருக்கிறார்கள், இதற்குக் கூடவா கட்டுரை இல்லை?" புதியவர் எல்லாரும் முதலில் கேட்பது இதுதான், கேட்பதில் தவறும் இல்லை. ஆனால் விளம்பரத்தைப் பொறுத்தவரை பார்வை எண்ணிக்கை ஒன்றையும் நிரூபிக்காது. காணொளியை உங்கள் திரையில் கொண்டுவந்து வைக்க நிறுவனம் பணம் கட்டியிருக்கும். விருப்பக்குறிகளும் பின்தொடர்வோரும் விலைக்குக் கிடைக்கிறார்கள். ஹேஷ்டேக் முன்னணியில் வந்தது என்பதும் அப்படியே. இவற்றைக் கட்டுரைக்குள் ஒரு தகவலாகச் சொல்லலாம், கட்டுரை இருப்பதற்கான காரணமாகச் சொல்ல முடியாது.

கழித்தல்: இந்த வேலைக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்

ஒரு தலைப்புக்குத் தனிக்கட்டுரை பெறும் தகுதி இருப்பதைத் தமிழ் விக்கிப்பீடியாவில் குறிப்பிடத்தக்கமை என்கிறோம். தலைப்போடு தொடர்பில்லாத, நம்பத்தக்க மூலங்கள் அந்தத் தலைப்பைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். படிக்க எளிது. விளம்பர மீம் என்று வரும்போதுதான் சிக்கல், ஏனென்றால் இங்கே மூலங்களையே தயாரித்துத் தருவதற்கு ஆள் இருக்கிறார்கள்.

கிடைக்கும் இணைப்புகளை எல்லாம் ஒரு பட்டியலாகப் போடுங்கள். ஒன்றையும் விட வேண்டாம். பிறகு ஒவ்வொன்றாகக் கழியுங்கள்.

முதலில் போக வேண்டியவை நிறுவனத்தின் சொந்தத் தளம், முகமையின் தளம், அவர்களின் சமூக ஊடகப் பக்கங்கள், படைப்பு இயக்குநரின் நேர்காணல்கள். நேர்காணல் ஒரு பெரிய நாளிதழில் வந்திருந்தாலும் பேசுவது சம்பந்தப்பட்டவர்தான். அவர் சொன்னது அவர் சொன்னதாகக் கட்டுரையில் இடம்பெறலாம். கட்டுரை வேண்டும் என்பதற்கு அது சாட்சியாகாது.

அடுத்து போக வேண்டியவை, நிறுவனம் ஊடகங்களுக்கு அனுப்பிய செய்திக்குறிப்பின் நகல்கள். ஏமாற்றுவதில் இவைதான் கெட்டிக்காரர்கள். நான் முன்பு ஒரு காணொளிக்காகப் பதினொரு செய்திகளைத் திரட்டி, "பதினொரு தனித்தனிச் சான்றுகள்" என்று கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் எழுதினேன். ஒரு மூத்த பயனர் அதிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்து மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடச் சொன்னார். தேடினேன். ஒன்பது செய்திகளில் அதே வாக்கியம், ஒரு காற்புள்ளிகூட மாறாமல். மிச்சம் இருந்தது இரண்டு. அன்றிலிருந்து அந்தத் தேடலைச் செய்யாமல் எதையும் எண்ணுவதில்லை. நீங்களும் செய்யுங்கள்: வழக்கத்துக்கு மாறான ஒரு சொற்றொடரை எடுத்துத் தேடுங்கள். பத்து இடத்தில் வந்தால் பத்தும் சேர்ந்து ஒரே மூலம், அந்த ஒன்றும் நிறுவனத்தினுடையது.

விளம்பரதாரர் பங்களிப்பு, பங்குதாரர் உள்ளடக்கம் போன்ற சிறு எழுத்துக் குறிப்புகளைப் பக்கத்தின் மேலும் கீழும் தேடுங்கள். கட்டுரையாளர் பெயரே இல்லாமல், குறை என்று ஒரு வரியும் இல்லாமல், முடிவில் பொருளை வாங்கும் இணைப்போடு ஒரு கட்டுரை இருந்தால் அதையும் கழித்துவிடுங்கள்.

"இணையத்தைக் கலக்கிய பத்து விளம்பரங்கள்" வகைப் பட்டியல்களில் உங்கள் மீமுக்கு இரண்டு வரி இருக்கும். பெயர் வந்திருக்கிறது என்பதைத் தாண்டி அதிலிருந்து எடுக்க எதுவும் இல்லை. விருதுப் பட்டியலும் கிட்டத்தட்ட இப்படித்தான். கான் லயன்ஸ் போன்ற விளம்பர விருது விழாக்களுக்கு முகமைகளே கட்டணம் செலுத்திப் படைப்பை அனுப்புகின்றன. பெரிய விருது ஒன்று கிடைத்திருந்தால், வேறு யாரேனும் விரிவாக எழுதியிருக்கக்கூடும் என்ற நல்ல அறிகுறி அது. அந்த வேறு யாரோ எழுதியதைத் தேடிப் போங்கள்.

நோ யுவர் மீம் போன்ற மீம் தொகுப்புத் தளங்கள் பெரும்பாலும் பயனர்கள் பங்களிப்பதால் வளர்பவை. எந்த நாளில் எங்கே தொடங்கியது என்று அங்கிருந்து துப்புக் கிடைக்கும், அதை வைத்து மூலச் செய்தியைத் தேடலாம். அந்தத் தளத்தையே தூணாக நிறுத்த வேண்டாம். இன்னொன்று: நீங்கள் கண்டெடுத்த செய்தி, வேறு மொழி விக்கிப்பீடியாவைப் பார்த்து எழுதப்பட்டதாக இருக்கலாம். தேதிகளை ஒப்பிட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் நம் வாலை நாமே கடித்துக்கொண்டிருப்போம்.

இவ்வளவும் கழித்த பின் மிஞ்சுபவற்றைச் சத்தமாகப் படியுங்கள். நிறுவனத்தோடு எந்த உறவும் இல்லாத ஒருவர், தானாக மண்டையைக் குடைந்து யோசித்து, இதைப் பற்றிப் பல பத்திகள் எழுதியிருக்கிறாரா? அப்படி இரண்டு மூன்று பேர், வெவ்வேறு இடங்களில்? இருந்தால் உங்கள் கையில் கட்டுரை இருக்கிறது.

வேறு துறைக்காரர் எழுதினாரா?

இது விதிப் புத்தகத்தில் உள்ள சோதனை கிடையாது, என் பழக்கம். விளம்பரத் துறை இதழ்கள் தங்கள் துறையைப் பற்றி எழுதிக்கொண்டேதான் இருக்கும். அந்த வேலியைத் தாண்டி வேறு யார் எழுதினார்கள் என்று பார்ப்பேன்.

2007 ஜனவரி 31 அன்று பாஸ்டன் நகரில், ஒரு கார்ட்டூன் தொடருக்கு விளம்பரமாக வைத்த சிறு மின்விளக்குப் பலகைகளைக் காவல்துறை வெடிகுண்டாக இருக்குமோ என்று எண்ணியது. சாலைகளும் பாலங்களும் மூடப்பட்டன. அந்தத் தொடரின் தொலைக்காட்சி நிறுவனமான டர்னர் பிராட்காஸ்டிங்கும் விளம்பர முகமையும் 20 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டன. அதைப் பற்றிச் சட்டம், பொதுப் பாதுகாப்பு என்று பல கோணத்தில் எழுதினார்கள். அங்கே கட்டுரைக்கு உரிய பொருள் அந்த நிகழ்வு.

தலையில் பனிக்கட்டி நீரை ஊற்றிக்கொண்டு அடுத்தவரையும் அழைக்கும், 2014-இன் ஐஸ் பக்கெட் சவாலை எடுங்கள். ஏஎல்எஸ் என்னும் நரம்பு நோய்க்காக அமெரிக்காவின் ஏஎல்எஸ் சங்கத்துக்கு மட்டும் சுமார் 11.5 கோடி டாலர் சேர்ந்தது. சவாலைத் தொடங்கியது அந்தச் சங்கம் அன்று, அது பின்னால் வந்து இணைந்துகொண்டது. 2016-இல், அந்தப் பணத்தின் உதவியோடு நடந்த ஆய்வு ஒன்று நெக்1 என்ற மரபணுவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைச் சொன்னது. மருத்துவம், நன்கொடைப் பழக்கம், சமூக உளவியல் என்று எங்கெங்கோ இருந்தவர்கள் அதை எடுத்துப் பேசினார்கள். அந்தக் கட்டுரையை நீக்கச் சொல்ல யாருக்கும் வாய் வராது.

பர்கர் கிங் நிறுவனம் 2004-இல் ஒரு தளம் தொடங்கியது. கோழி வேடமிட்ட ஒருவர், நாம் தட்டச்சு செய்யும் கட்டளைக்கு ஏற்ப ஆடுவார், குதிப்பார். முன்பே படம்பிடித்து வைத்த துண்டுக் காட்சிகள்தான் அவை. "சப்சர்வியன்ட் சிக்கன்" என்ற அந்தத் தளம் வைரல் விளம்பரத்தைப் பற்றிப் பின்னாளில் எழுதியவர்கள் திரும்பத் திரும்பத் தொட்ட எடுத்துக்காட்டாக ஆனது. முழுக்க முழுக்க விற்பனைக்காகச் செய்ததுதான், ஆனாலும் கட்டுரைக்கு உரியது. விளம்பரம் என்பதாலேயே ஒன்று தகுதி இழந்துவிடாது என்பதற்கு இதைச் சொல்கிறேன்.

காலத்தையும் பாருங்கள். எல்லாச் செய்தியும் ஒரே வாரத்துக்குள் அடங்கியிருந்தால் பொறுத்திருங்கள். ஆறு மாதமோ ஓர் ஆண்டோ கழித்து யாராவது தானாக நினைவுகூர்ந்து எழுதுகிறார்களா? கலைக்களஞ்சியத்துக்கு அவசரம் இல்லை, முதலில் எழுதியவருக்குப் பரிசும் இல்லை.

ஏன் இத்தனை கெடுபிடி?

2017 ஏப்ரலில் பர்கர் கிங் வெளியிட்ட 15 நொடி விளம்பரத்தின் இறுதியில் ஊழியர் ஒருவர், குரலுக்குப் பதில் சொல்லும் கூகுள் ஒலிபெருக்கியை அழைத்து, வாப்பர் பர்கர் என்றால் என்ன என்று கேட்பார். பார்ப்பவர் வீட்டிலுள்ள கருவி அதைக் கேட்டு விழித்துக்கொண்டு, விக்கிப்பீடியாக் கட்டுரையின் முதல் வரியைப் படிக்கத் தொடங்கும். அதற்குச் சில நாள் முன்பே அந்த முதல் வரி விளம்பர நடைக்கு மாற்றப்பட்டிருந்தது. விளம்பரம் வந்ததும் விஷமிகள் புகுந்து பர்கருக்குள் நச்சுப் பொருள் இருப்பதாகவெல்லாம் எழுதினார்கள். கட்டுரையைப் பூட்ட வேண்டியதாயிற்று. கூகுள் சில மணி நேரத்தில் அந்தக் குரலுக்குப் பதில் தராதபடி செய்தது.

2019-இல் நார்த் ஃபேஸ் என்ற வெளிப்புற ஆடை நிறுவனத்துக்காக ஒரு முகமை, சுற்றுலா இடங்களின் கட்டுரைகளில் இருந்த படங்களை எடுத்துவிட்டுத் தன் பொருள்கள் தெரியும் படங்களை வைத்தது. கூகுள் தேடலில் அந்தப் படங்கள் மேலே வர வேண்டும் என்பது நோக்கம். அதைச் சாதனையாகச் சொல்லிக் காணொளியும் வெளியிட்டார்கள். விக்கிமீடியா அறக்கட்டளை கடுமையாகக் கண்டித்தது, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அந்தப் பக்கங்களைச் சரிசெய்தவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். உங்கள் கட்டுரையைப் பார்த்ததும் ஒரு மூத்த பயனர் முகம் சுளித்தால், அவர் இப்படிப்பட்டவற்றைச் சுத்தம் செய்து களைத்தவராக இருக்கலாம். உங்கள் மேல் அவருக்குப் பகை இருக்கிறது என்று எண்ண வேண்டாம்.

இடையில் ஒன்று: கட்டுரையில் இணைப்பு வைத்தால் நிறுவனத்தின் தளம் தேடலில் உயரும் என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். விக்கிப்பீடியாவின் வெளி இணைப்புகளைத் தரவரிசைக்குக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் குறி 2007-இலேயே சேர்க்கப்பட்டுவிட்டது.

எங்கே வைப்பது?

எழுதுவதா, விடுவதா என்ற இரண்டே வழிதான் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். நடுவில் நல்ல வழிகள் இருக்கின்றன. மிச்சம் மூன்று நான்கு வாக்கியம்தான் என்றால் நிறுவனத்தின் கட்டுரையில் ஒரு பத்தியாகச் சேருங்கள். மீமின் பெயரில் ஒரு வழிமாற்று (தேடுபவரைத் தானாக வேறு பக்கத்துக்குக் கொண்டுபோகும் பக்கம்) உருவாக்கி அந்தப் பத்திக்கு அனுப்புங்கள். தேடுபவருக்கு விடை கிடைத்துவிடும், சான்றுள்ள அளவுக்கு மட்டும் உள்ளடக்கம் இருக்கும். என் கணக்கில் விளம்பர மீம்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் சரியான இடம். இதைத் தோல்வியாக எண்ணுபவர்களைப் பார்த்திருக்கிறேன், அது வேண்டாத வருத்தம். நிறுவனத்துக்கே கட்டுரை இல்லையென்றால், அதற்குத் தகுதி உண்டா என்று முதலில் பாருங்கள். சமயத்தில் நீங்கள் எழுத வேண்டிய கட்டுரை அதுவாக இருக்கும்.

எழுதும்போது

எழுதிப் பழகும் சோதனைப் பக்கமான மணல்தொட்டியில் தொடங்குங்கள். எது, யார் எடுத்தது, எந்த ஆண்டு, எந்தப் பொருளுக்காக என்பதெல்லாம் முதல் பத்தியில் வந்துவிட வேண்டும். விளம்பரத்துக்கானது என்பதை மூன்றாம் பத்தியில் மெல்லச் சொல்லக் கூடாது. முழக்க வரியைத் தலைப்பாகவோ திரும்பத் திரும்பவோ எழுதாதீர்கள். "மக்கள் மனம் கவர்ந்த", "புரட்சிகரமான" போன்ற அடைகளை வெட்டுங்கள்.

நிறுவனம் சொல்லும் பலன்களை நிறுவனம் சொன்னதாகவே எழுதுங்கள். மெல்பேர்ன் மெட்ரோ ரயில் நிறுவனம் 2012 நவம்பரில் வெளியிட்ட "டம்ப் வேஸ் டு டை" என்ற பாதுகாப்புக் காணொளி உலகம் சுற்றியது, 2013-இல் கான் விழாவில் ஐந்து கிராண்ட் பிரி விருதுகளை வென்றது. விருது எண்ணிக்கையை அப்படியே எழுதலாம். ஆனால் நூலிழையில் விபத்து தவறிய சம்பவங்கள் 30 சதவீதத்துக்கு மேல் குறைந்ததில் காணொளிக்குப் பங்கு உண்டு என்றது அந்த ரயில் நிறுவனம். குறைந்ததற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆகவே "காணொளியால் அவை குறைந்தன" என்று எழுதக் கூடாது, "குறைந்ததில் காணொளிக்குப் பங்குண்டு என்று நிறுவனம் கூறியது" என்று எழுத வேண்டும். கண்டனம் ஏதும் வந்திருந்தால் அதையும் சேருங்கள். மீமில் தற்செயலாகச் சிக்கிய தனிமனிதர் யாராவது இருந்தால் அவர் பெயரைத் தவிர்ப்பதே நல்லது. அவர் கேட்டுப் பிரபலமானவர் இல்லை.

இணையச் செய்திகள் ஓரிரு ஆண்டில் காணாமல் போகும். ஒவ்வொரு மேற்கோளையும் பழைய இணையப் பக்கங்களைப் பாதுகாக்கும் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் சேமித்து, அந்த இணைப்பையும் சேர்த்துவிடுங்கள்.

நீக்கலுக்கு வந்துவிட்டால்

பதறாமல் முன்மொழிந்தவரின் காரணத்தைப் படியுங்கள். அவர் "சான்று இல்லை" என்றால் சான்றைத்தான் காட்ட வேண்டும். "இதைவிட மோசமான கட்டுரை எல்லாம் இருக்கிறதே" என்பது பதிலாகாது. உங்களிடம் உள்ளவற்றில் சிறந்த மூன்றை மட்டும் வையுங்கள். எதில் எவ்வளவு விரிவாக வந்திருக்கிறது என்று ஒவ்வொரு வரி எழுதுங்கள். இருபது இணைப்பைக் கொட்டினால் யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள். நண்பர்களை அழைத்து "இருக்கட்டும்" என்று போடச் சொல்லாதீர்கள். தலைகளை எண்ணி முடிவெடுப்பதில்லை, வாதங்களைப் பார்த்துத்தான் முடிவு. புதுக்கணக்குகள் வரிசையாக வந்து நின்றால் சந்தேகம் உங்கள் மேல்தான் விழும்.

அப்புறம், நீங்களே பிறர் கட்டுரையைப் பற்றிக் கருத்துச் சொல்லும் நாளும் வரும். விளம்பரம் பிடிக்காது என்பதற்காக நீக்கச் சொல்லாதீர்கள். நீங்களும் அதே கழித்தலைச் செய்துவிட்டு, கண்டதை எழுதுங்கள்.

நீக்கப்பட்டால், உள்ளடக்கத்தை உங்கள் பயனர்வெளிக்கு (உங்கள் பயனர் பக்கத்தின் கீழ்வரும் பக்கங்களுக்கு) மாற்றித் தரும்படி ஒரு நிர்வாகியிடம் கேளுங்கள். பதிப்புரிமை மீறலோ அவதூறோ இல்லாதவரை பெரும்பாலும் தருவார்கள். வழிமாற்றாக ஆக்கப்பட்டால் பழைய எழுத்து பக்கத்தின் வரலாற்றில் அப்படியே இருக்கும். அந்தப் பக்கத்தைக் கவனிப்புப் பட்டியலில் சேர்த்து வையுங்கள். ஓர் ஆய்வுக் கட்டுரையோ ஒரு நூலின் அத்தியாயமோ பின்னால் வந்தால், பேச்சுப் பக்கத்தில் அதைக் குறிப்பிட்டுவிட்டு அங்கிருந்தே தொடரலாம்.